பாட்டில் ஏறுதாம்ல!

வாங்க மாப்ளே, இப்படி உக்காருங்க. எங்கண்ணன் உள்ள ஐசியூவில கெடக்காரு, நீங்க வாசல்ல நின்னு போன்ல ஊருக்கெல்லாம் சேதி வாசிக்கிறீக. பிரஷர், சுகர், ஆக்ஸிஜன் எல்லாம் நாக்கு நுனியில இருக்கு. வயித்துக்கு என்ன போச்சுன்னு கேட்டா மட்டும், "அதான் குளுக்கோஸ் ஏறுதே மாமா"ங்கிறீக.

நல்ல கணக்கு! அந்த அரை லிட்டர் 5 சதவீத பாட்டில்ல இருக்கிற சீனி 25 கிராம். நூறு கலோரி தேறாது. பக்கத்துல தொங்குறது வெறும் உப்புத்தண்ணி, அதுல அதுவும் கெடையாது. 60 கிலோ ஆளுக்கு நாளைக்கு 1,500 கலோரியாச்சும் வேணும்னு டயட்டீசியன் பொண்ணு சொல்லுது. புரதம் கிலோவுக்கு 1.2 கிராம், ஆக 72. முட்டையில எண்ணுனா பன்னெண்டு. நீங்க பிளாஸ்க்குல கொண்டாந்த கஞ்சித் தெளிவுல அதத் தேடணும்னா தூண்டில்தான் போடணும்.

"மூஞ்சி பூசுனாப்புல இருக்கு"ன்னு எங்க மதினிக்குச் சந்தோசம். அது சதையில்ல மாப்ளே, நீர் வீக்கம். உள்ள தொடைச் சதை கரைஞ்சுக்கிட்டு இருக்கும். கடுமையா நோய் கண்ட உடம்பு தன் சதையையே எரிக்கும். நாளைக்கு மூச்சு மெஷின எடுத்தா மூச்சிழுக்கவும் இருமிச் சளியத் துப்பவும் சதைதானே வேணும்?

மூக்கு வழியா டியூப் போடணும்னப்ப "பாவம், பெரியவரு"ன்னு தடுத்தது யாரு? பட்டினி போட்டா மட்டும் புண்ணியமாக்கும்! ரத்த ஓட்டம் ஒரு நிலைக்கு வந்து, குடலும் வேலை செஞ்சா, 24லருந்து 48 மணி நேரத்துக்குள்ள பால் விட ஆரம்பிக்கிறதுதான் முறை.

அதுக்காக "நெறைய ஊத்துங்க"ன்னு நர்ஸம்மாவ வெரட்டாதீக. ரொம்ப நாள் காஞ்ச வயித்துக்குத் திடுதிப்புன்னு கொட்டுனா ரத்தத்துல பாஸ்பேட்டும் பொட்டாசியமும் இறங்கி இதயம் தடுமாறும். இரண்டாம் உலகப்போர் முடிஞ்சு, முகாமுலருந்து மீண்ட ஆளுக சிலபேரு சாப்பாடு கெடைச்சதும் செத்தது இப்படித்தான். வைட்டமின் பி1 குடுத்து, கொஞ்சங்கொஞ்சமா ஏத்துவாக. பொறுங்க.

காலையில டாக்டர் ரவுண்ட்ஸ் வந்தா, அண்ணன் ரெண்டு மாசமாவே சரியாச் சாப்பிடல, வேட்டி இடுப்புல நிக்கலங்கிறதச் சொல்லுங்க. பழைய எடையச் சொல்லுங்க. நேத்து எத்தனை கலோரி போச்சு, எத்தனை கிராம் புரதம் போச்சுன்னு கேளுங்க. அந்த ஆப்பிள் பையை மட்டும் இங்க வச்சிட்டுப் போங்க மாப்ளே. அவரு வாயில குழாய் இருக்கு, எனக்குப் பல்லு இன்னும் கெட்டியாத்தான் இருக்கு.