ரேமா, ஹார்டு டிஸ்கா?

ரேமுக்கும் ஹார்டு டிஸ்க்குக்கும் உள்ள வித்தியாசத்தைத் தேர்வில் மாற்றி எழுதிவிட்டு வந்திருக்கிறான் என் மகன். எப்படிப் புரியவைப்பது?
– ஒரு வாசகி, ஸ்ரீவைகுண்டம்

அவன் புராஜெக்டை டைப் அடித்துக்கொண்டிருக்கும்போது, 'சேவ்' கொடுப்பதற்குள் மெயின் ஸ்விட்சை அணைத்துவிடுங்கள். போனதெல்லாம் ரேமில் இருந்தது. மிச்சம் இருப்பது ஹார்டு டிஸ்க்கில். ஆயுசுக்கும் மறக்க மாட்டான். மின்வெட்டு நாளென்றால் உங்கள் மேல் பழியும் வராது!

ஆனால், ஹார்டு டிஸ்க்கையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டாம்; ஓலைச்சுவடியைப் போல அதுவும் ஒருநாள் கெட்டுப்போகலாம். உ.வே.சா.வுக்குப் பத்துப்பாட்டின் நல்ல ஏடு கிடைத்தது, உங்களுக்குப் பக்கத்து ஊரான ஆழ்வார்திருநகரியில். 1889-ல் அதை அவர் அச்சேற்றிப் பல பிரதிகள் ஆக்கிய பிறகுதான் கறையான் பயம் தீர்ந்தது. அந்த வேலைக்கு இன்றைய பெயர் 'பேக்கப்'. உங்கள் வீட்டுக் கல்யாண போட்டோக்கள் எத்தனை இடத்தில் இருக்கின்றன?