சாறனை மடித்துக் கட்டுதல்: ஒரு கடற்கரை ஆய்வு

சாறனை முழங்காலுக்கு மேலே மடித்துக் கட்டிக்கொண்டு ஒரு வாப்பா ஓடினால், பார்த்து நிற்கும் பிள்ளைகளுக்கு என்ன நேரும்? அறிஞர்கள் சாறனைக் கணக்கில் எடுக்காமலே இதை ஆராய்ந்திருக்கிறார்கள். அக்குறை தீர்க்கக் கல்முனைக்குடிக் கடற்கரையில் இவ்வாய்வு நடத்தப்பட்டது. ஆய்வாளர் ஒருவர், வாப்பா ஒருவர். இருவரும் ஒரே ஆள். ஆய்வுக்குட்பட்ட பிள்ளைகள் மூவர். சம்மதம் கேட்கப்படவில்லை.

முன்னைய ஆய்வு ஒன்று உண்டு. அமெரிக்காவின் ஃபிரேமிங்ஹாமில் 4 முதல் 7 வயதுப் பிள்ளைகளையும் பெற்றோரையும் கருவி மாட்டி அளந்து, 1991இல் முடிவை வெளியிட்டார்கள். உம்மா சுறுசுறுப்பானவர் என்றால் பிள்ளையும் அப்படி இருக்கும் வாய்ப்பு 2 மடங்கு. வாப்பா என்றால் 3.5; இருவருமே என்றால் 5.8. இந்தக் கடைசி எண்ணை மனைவியிடம் காட்டினேன். “அந்தக் கருவியக் கொண்டாங்க, நான் குசினிக்குள்ள நடக்கிறதையும் அளந்து பாப்பம்” என்றாள். ஆய்வாளர் அடுத்த பந்திக்கு நகர்ந்துவிட்டார்.

எங்கள் கரையில் சுபஹுக்குப் பிறகு நடப்பவர்களில் சீனி வருத்தக்காரர் பலர். அவர்களுக்கு நடை ஒரு மருந்து. முகமும் கசப்பு மருந்து குடித்த முகம். நானும் எட்டு மாதம் அந்த முகத்தோடு நடந்தேன். பிள்ளைகளையும் கூட்டிப்போய், “உடம்புக்கு நல்லது மகன்” என்று பத்தடிக்கொரு தரம் ஓதினேன். அவர்கள் என் காலைப் பார்க்கவில்லை, முகத்தைப் பார்த்திருக்கிறார்கள். ஒருநாள் நடுவிலான் மெதுவாகக் கேட்டான்: “வாப்பா, நீங்க என்ன பிழை செஞ்சீங்க?”

நடை என்பது பெரியவர்களுக்குக் கிடைக்கும் தண்டனை என்று அவன் முடிவு கட்டியிருந்தான். அவன் கண்டது பிழை என்று இன்றும் என்னால் நிறுவ முடியவில்லை.

திருப்பம் கரைவலையால் வந்தது. ஒருநாள் அஸருக்குப் பின் வலை கரையேறும் நேரம், கயிற்றில் ஆள் போதவில்லை. “தம்பி, ஒரு கை பிடிங்க” என்றார் ஒரு பெரியவர். பிடித்தேன். கரைவலையின் இரண்டு கயிறும் கரையில் இரண்டு கூட்டத்தார் கையில். மீன் சேரும் மடி கடலுக்குள். குதி மணலில் புதைய, உடம்பைப் பின்னுக்குச் சாய்த்து இழுக்க வேண்டும். இழுக்க இழுக்க இரண்டு கூட்டமும் நெருங்கிவரும், பகிடியும் சத்தமும் ஏறும். நான் சிரித்துக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது. திரும்பிப் பார்த்தால் கயிற்றின் வாலில் மூன்று பேர் தொங்குகிறார்கள். உடம்புக்கு நல்லது என்று எவரும் சொல்லவில்லை. கறிக்கென்று கொஞ்சம் மீன் தந்தார்கள். அதைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடினோம், பந்தயம் வைத்து.

அன்றிலிருந்து அஸருக்குப் பின் ஓட்டம். உலகச் சுகாதார நிறுவனம் 5 முதல் 17 வயதினருக்கு நாளுக்குச் சராசரி 60 நிமிடமாவது உடலுழைப்பு வேண்டும் என்று 2020இல் சொன்னது. எங்கள் கணக்கு மகரிப் பாங்கோடு முடியும். நிமிடம் எண்ண எவருக்கும் மூச்சு மிஞ்சுவதில்லை.

மறுப்பும் வந்தது. “பெரிய மனிசன் சின்னப் புள்ளயளோட ஓடுறதா?” என்று தோணி நிழலில் இருந்தவர் ஒருவர் கேட்டார். நபி (ஸல்) அவர்கள் ஆயிஷா (ரலி) அவர்களோடு ஓட்டப்பந்தயம் வைத்ததும், முதல் தடவை ஆயிஷா நாயகி முந்தியதும், பின்னொரு தடவை நபியவர்கள் முந்தியதும் அபூதாவூதில் இருக்கிறதே என்றேன். அவர் சற்று யோசித்தார். “அது சரி. நீங்க ஒருக்காலும் முந்தக் காணல்லையே” என்றார்.

ஆய்வின் குறைபாடு ஒன்றை மறைப்பதற்கில்லை. பிள்ளைகள் பொறுக்கி எடுத்துப் பின்பற்றுவதில்லை. ஓட்டம் முடிந்ததும் நான் குடிக்கும் பிளேன்டியும், கூடவே போகும் ரோல்ஸும் இப்போது நாலு பேருக்கு வேண்டும். எழும்பும்போது இடுப்பைப் பிடித்து “யா அல்லாஹ்” என்று நான் முனகுவதை மூத்தவள் அச்சொட்டாக முனகுகிறாள். சின்னவனுக்கோ ஐந்து வயது, போட்டிருப்பது கட்டைக் காற்சட்டை. ஓடுமுன் குனிந்து, இல்லாத சாறனை இரு கையாலும் தூக்கி மடித்து, இறுக்கிக் கட்டுகிறான்.