மெஷினுக்கும் அரைப்பேர் போடுங்கள், துரை

எங்கள் தோட்டத்துப் பெரிய துரை அவர்களுக்கும், தேத்தண்ணி மெஷின் தெரிவுக்குழுவில் குந்தியிருந்தே களைத்துப்போன ஐயாமாருக்கும், ஹட்டன் பக்கத்து மலையொன்றில் கொழுந்து பறிக்கிறவள் பணிவோடு எழுதிக்கொள்வது.

போன வெள்ளிக்கிழமை சேமலாப நிதிப் பாரம் கேட்டு ஆபீசுக்கு வந்தேன். வாசலிலேயே புது மெஷினின் தரிசனம் கிடைத்தது. நனைந்த குளிரில் 100 ரூபாத் தாளைக் கொடுத்துப் பட்டனை அமத்தினேன். அரைக் கோப்பை விழுந்தது. மீதி வரும் என்று நின்றேன். மெஷின் இரண்டு தரம் பெருமூச்சு விட்டுப் படுத்துக்கொண்டது. மறுநாள் அதன் நெற்றியில் அறிவித்தல் ஒட்டியிருந்தது: "கறை படிந்த கைகளால் பட்டனைத் தொட வேண்டாம்."

அன்றைக்கு அதைத் தொட்ட கறைக்கை என்னுடையது ஒன்றுதான். அச்சடித்துக் கௌரவித்ததற்கு மெத்த நன்றி.

ஒரு சின்னச் சந்தேகம், துரை. கொழுந்து 18 கிலோவுக்குக் கொஞ்சம் குறைந்தால் எனக்கு அரைப்பேர், அரைநாட் சம்பளம். மழை பெய்தாலும் அரைப்பேர், அட்டை ஏறினாலும் அரைப்பேர், இடுப்பளவு புல் மண்டிய மலையில் விட்டாலும் அரைப்பேர். முழுக்காசு வாங்கி அரைக் கோப்பை ஊற்றிய மெஷினுக்கு அன்று என்ன பேர் போட்டீர்கள்? காலைப் பெரட்டில் அதை நிறுத்தி ஏசியதாகவும் கேள்விப்படவில்லை.

தேயிலை ஸ்டோரில் வேலை செய்யும் என் மகன் உங்கள் அறிவை மெச்சி ஓய்வதில்லை. இலையை அப்போதைக்கப்போது ஊறவைக்கும் மெஷினும் வந்ததாம், வெந்நீர் மட்டும் தரும் மெஷினும் வந்ததாம். இரண்டையும் ஒதுக்கிவிட்டு, சீனியும் பால்மாவும் தேயிலைச் சத்தும் கலந்து பைக்கற்றில் வரும் தூளைக் கரைக்கிற மெஷினைத் தெரிவுசெய்தீர்களாம். சுற்றிலும் தேயிலை, நடுவில் ஸ்டோர், ஆபீஸ் வாசலில் வெளியூர்த் தூள். இந்த யோசனை சாதாரண மூளைக்கு எட்டாது.

தேயிலையை ருசி பார்க்க ஐஎஸ்ஓ 3103 என்று உலகத் தரமே இருக்கிறதாம்: 100 மில்லிலீற்றர் கொதிநீருக்கு 2 கிராம் தூள், 6 நிமிட ஊறல். மெஷினுக்கு அந்தப் பொறுமை கிடையாது. இன்னொன்றும் சொன்னான். மலை ஏற ஏறத் தண்ணீர் சீக்கிரம் கொதித்துவிடுமாம். ஹட்டனில் 96 பாகையை ஒட்டி, நுவரெலியாவில் 94ஐ ஒட்டி. கொழும்புக் கணக்கில் 98 பாகைக்கு முறுக்கிவிட்ட மெஷின் இங்கே வந்தால் பென்சன் எடுக்கும்வரை கொதிக்கும். மூடுபனி ஈரத்தில் தூளும் கட்டிபட்டுக் குழாயை அடைக்கும். எல்லாம் சேர்ந்து அரைக் கோப்பை. அரைப்பேர்தான், துரை, மனசாட்சிப்படி பார்த்தாலும்.

கறை விஷயத்துக்கு வருகிறேன். கொழுந்தைக் கிள்ளும்போது கசிகிற சாறு காற்றுப் பட்டுக் கறுக்கிறது. ஸ்டோரில் ரோலரில் போட்டு நசுக்கிப் பரப்பிவைத்து நீங்கள் கறுக்க விடுவதும் அதே சாறுதான். அங்கே கறுத்தால் கொழும்பு ஏலத்தில் விலை ஏறுகிறது. என் விரலில் கறுத்தால் மெஷினில் அறிவித்தல் ஏறுகிறது. 1867இல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் துரை 19 ஏக்கரில் தேயிலை போட்ட காலத்தில், அவருடைய பங்களா வராந்தாவில் மேசை போட்டுக் கையாலேயே கொழுந்தை உருட்டினார்களாம். அந்தக் கைகளில் ஒன்றுகூட உங்கள் மெஷினைத் தொட்டிருக்க முடியாது.

மெஷினை எடுக்குமுன் அதற்கு என்னென்ன வேண்டும் என்று விசாரித்து எழுதினீர்களாம்: ஒழுகாத கூரை, வடிகட்டிய தண்ணீர், நிற்காத கரண்ட், கழிவு போகக் குழாய், மாதம் தவறாமல் வந்து பார்க்க ஆள். எல்லாம் ஒரே கூட்டத்தில் பாஸ். நாங்கள் 1,000 ரூபா நாட்சம்பளம் கேட்டது 2015இல், அது கைக்கு வந்தது 2021இல். அந்தப் பட்டியலில் மெஷின் என்ற இடத்தில் லயம் என்று எழுதிப் பாருங்கள். நாங்கள் காலங்காலமாகக் கொடுத்துவரும் மகஜர் அப்படியே வரும்.

மெஷினின் வயிற்றைத் தினமும் கழுவ வேண்டுமாம், இல்லாவிட்டால் பால்மா புளித்து நாறுமாம். கழுவ யாரைக் கூப்பிட்டீர்கள்? எங்கள் லயத்துப் பிள்ளையை. உள்ளே கைவிட்டு அழுக்கை வழிக்கக் கறைக்கை ஆகும், வெளியே பட்டனை அமத்த ஆகாது. இது மனுசர் செய்கிற வேலையா? பொம்பிளைகள் ஒதுங்க மலையில் ஒரு கக்கூஸ் இல்லை, மெஷினுக்குக் கழிவுக்குழாய் இருக்கிறது. இதை யோசிக்க ஒரு குழு, அதற்கு ஒரு தலைவர், வந்தவர்களுக்கு வடை...

மன்னிக்க வேணும், துரை. குளிரில் பேனை வழுக்கிவிட்டது. மெஷின் மிகமிக அழகு. அந்த நீல லைட் கண்ணுக்கு எத்தனை குளிர்ச்சி!

ஒரு கணக்கோடு நிறுத்துகிறேன். 18 கிலோ பச்சைக் கொழுந்தில் ஏறக்குறைய 4 கிலோ தூள் தேறும். கோப்பைக்கு 2 கிராம் என்றால் 2,000 கோப்பை. அது என் ஒருத்தியின் ஒருநாள் பேர். உங்கள் கோப்பை விலையால் அதைப் பெருக்கும் வேலையைக் கிளாக்கர் ஐயாவிடம் விடுகிறேன். அவருக்கு எங்கள் கணக்கில் கழித்துத்தான் பழக்கம், பெருக்கிப் பார்க்கவும் ஒரு சந்தர்ப்பம்.

கேட்பது இரண்டே இரண்டு. கொழுந்து நிறுக்கும் இடத்தில் கை கழுவ ஒரு குழாய். காலை பத்து மணிக்கு மலைக்கு ஒரு வாளி சுடுசாயம், நம் ஸ்டோர்த் தூளிலேயே ஊற்றியது. சீனியை நாங்களே கொண்டுவருகிறோம். இதற்குக் கேள்விமனு வேண்டாம், குழு வேண்டாம், கரண்டும் வேண்டாம். ஒரு அடுப்பும் ஒரு ஆளும் போதும். அந்த ஆளுக்கு மட்டும், தயவுசெய்து, முழுப்பேர் போடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் அறிவித்தலில் இடம்பெற்ற கறைக்கை

பி.கு.: என் 50 ரூபா மீதி இன்னும் மெஷினிடம்தான் இருக்கிறது. அதன் சம்பளத்தில் பிடித்துத் தரவும்.