நாலு புள்ளி ஏழு

"இது ஒரிஜினல் இல்ல தம்பி."

வண்டியை நிறுத்தி நீங்கள் காலைக் கீழே வைப்பதற்குள் தீர்ப்பு வந்துவிடும். உக்குவளைக் கடைத்தெருவில் டயருக்குக் காற்றடிக்க நிறுத்தினாலும் சரி, மழைக்கு ஒதுங்கினாலும் சரி, எங்கிருந்தோ எழும்பி வருவார். சட்டைப் பையில் ஒரு சோக்குக் கட்டி. வாத்தியார் வேலையெல்லாம் பார்த்ததில்லை. அவரிடம் ஜீப்பும் கிடையாது. சைக்கிள்தான், அதற்கும் பிரேக் இல்லை.

மாட்டுச் சந்தையில் சுழி பார்ப்பவர் போல வண்டியை முதலில் ஒரு சுற்றுச் சுற்றுவார். லேண்ட் ரோவர் என்றால் முகம் பார்ப்பார். ஹெட்லைட் இரண்டும் கிரில்லோடு ஒட்டி நடுவில் இருந்தால் 1968 வாக்குக்கு முந்தியது, மட்கார்டுக்கு நகர்ந்திருந்தால் பிந்தியது, கிரில் பிளாஸ்டிக் என்றால் 1971இல் வந்த சீரீஸ் 3. இவ்வளவும் நமக்கும் தெரியும் என்று தலையாட்டினால் தொலைந்தோம். "முகத்த நம்பக் கூடாது தம்பி. மட்கார்ட கழட்டி மாட்ட எவ்வளவு நேரம்? மெதுவா உருட்டிக்கிட்டே முதல் கியரப் போடுங்க பாப்போம்." சத்தமில்லாமல் விழுந்தால் சீரீஸ் 3 கியர் பொக்ஸ். அதற்கு முந்திய பெட்டியில் முதல் இரண்டு கியருக்கும் சிங்க்ரோ இல்லாததால் பல்லைக் கடிக்கும். அந்த நேரத்தில் நாமும் கடித்துக்கொண்டுதான் இருப்போம்.

மிட்சுபிஷி என்றால் கொஞ்சம் சீக்கிரம் விடுவார். பொனட்டுக்குள் தலையை விட்டு, "4டிஆர்5, 2659 சிசி" என்று உள்ளேயிருந்தே அறிவிப்பார். "நாலுன்னா நாலு சிலிண்டர், டின்னா டீசல்" என்ற பாடம் இலவசம். பஜரோக்காரரிடம், "உங்களது 4டி56, டைமிங் பெல்ட். எப்ப மாத்தினீங்க? 4எம்40ன்னா செயின், கவலையில்ல" என்று சொல்லிவிட்டு நகர்வார். பஜரோக்காரருக்கு அன்றிரவு தூக்கம் போய்விடும்.

இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். உயிரை எடுப்பது டிஃபரன்சியல்.

"பல் கணக்கு பாக்கணும், ஜக்க எடுங்க" என்பார். பின்சக்கரம் ஒன்றைத் தூக்க வேண்டும். கியர் நியூட்ரலில் இருக்க வேண்டும். டயரில் சோக்கால் ஒரு கோடு, புரொப்பலர் ஷாஃப்டில் ஒரு கோடு. டயரைச் சுற்றுவது நம் வேலை. அவர் கீழே மல்லாந்து படுத்து ஷாஃப்டை எண்ணுவார். ஒரு சக்கரம் மட்டும் அந்தரத்தில் நிற்பதால் ஒரு சுற்றுப் போதாது, சரியாக இரண்டு சுற்ற வேண்டும். அதற்குள் ஷாஃப்ட் நாலே முக்காலுக்கு ஒரு மயிரிழை குறையச் சுற்றினால் 4.7. லேண்ட் ரோவரின் சொந்தச் சாமான்.

இதில் ஒரு சங்கடம். லேண்ட் ரோவரின் ஹேண்ட்பிரேக் சக்கரத்தைப் பிடிப்பதில்லை, அந்த ஷாஃப்டைத்தான் பிடிக்கிறது. எனவே எண்ணுவதற்கு அதை விடுவித்தாக வேண்டும். உக்குவளையில் சமதரைக்கு எங்கே போவது? முன்சக்கரத்துக்குக் கல் வைத்து, கல்லுக்கு ஒரு பொடியனைக் காவல் வைத்து, நாம் டயரைச் சுற்றுவோம். "ஒண்ணு... ரெண்டு... மூணு..." என்று வரும்போது ரோட்டில் போகிற யாராவது, "என்னண்ணே, வீட்டுல சுகமா?" என்பார்கள். வண்டிக்கு அடியிலிருந்தே குடும்ப நலம் முழுவதும் சொல்லி முடித்து, "எத்தனையில நின்னோம்?" என்பார். மறுபடி ஒன்றிலிருந்து.

பின்பக்கம் முடிந்ததும் வீட்டுக்குப் போகலாம் என்று நினைப்பவர் புதியவர். முன்பக்கமும் அதே கணக்கு வர வேண்டுமாம். "முன்னுக்கு ஒண்ணு பின்னுக்கு ஒண்ணுன்னா, மஞ்சக் குமிழ அமுக்கி நாலு வீலும் போட்ட உடனே ஒண்ண ஒண்ணு இழுக்கும். ட்ரான்ஸ்பர் பொக்ஸ் செத்துப்போகும்." சரியான பேச்சுத்தான். ஜக் முன்னால் போகும்.

போல்கொல்லையில் திருப்பிவிடும் மகாவலித் தண்ணீர் மலைக்குள்ளால் சுரங்கத்தில் வந்து, 1976 முதல் எங்கள் ஊர் மின்நிலையத்தில் டர்பைனைச் சுற்றுகிறது. அது எத்தனை சுற்றுச் சுற்றும் என்று ஒருநாள் கேட்டேன். "அதுல ஃபோர் வீல் இல்லியே தம்பி" என்றார்.

மனுஷன் காசு வாங்குவதில்லை, அதையும் சொல்ல வேண்டும். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்று 2025 பெப்ரவரி வரை தனியார் வாகனம் வராமல் கிடந்த காலத்தில் பழைய இரும்பெல்லாம் பவுன் விலைக்குப் போனது. புத்தகத்தில் ஒரு என்ஜின் நம்பர், பொனட்டுக்குள் இன்னொன்று. அப்போது வண்டி வாங்கப் போன பொடியன்கள் இவரைத்தான் கூட்டிப்போனார்கள். சேசிஸ் நம்பரைத் துடைத்துப் படித்து, "வேணாம், வா போவோம்" என்று அவர் சொன்னதால் தப்பியவர்கள் உண்டு.

ஆனால் என் பக்கத்து வீட்டுக்காரர் விஷயத்தில் செய்ததை மறக்க மாட்டேன். மகளின் கெம்பஸ் செலவுக்காக லேண்ட் ரோவரை விற்க நின்றார். உள்ளே இருப்பது இசுசு என்ஜின் என்று வாங்க வந்தவருக்குச் சொல்லியாயிற்று, புத்தகத்திலும் ஏற்றியிருந்தது, விலையும் பேசி முடிந்தது. சோக்கோடு இவர் வந்தார். பின்பக்கம் எண்ணினார், 4.7. முன்பக்கம் பாதி எண்ணும்போது வீட்டிலிருந்து சாப்பாட்டுக்குக் கூப்பிட்டார்கள். எழும்பி மண்ணைத் தட்டி, "முன்னுக்குக் கொஞ்சம் சந்தேகமாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டுச் சோறு தின்னப் போய்விட்டார். வாங்க வந்தவரும் போய்விட்டார். சந்தேகத்தை இறக்கி வைத்தவர் எண்ணி முடித்திருக்க வேண்டாமா? ஊரிலுள்ள எல்லா வண்டிக்கும் கீழே படுத்த மனிதர், இந்த வண்டியை ஏன் விற்கிறாய் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஆகையால், உக்குவளையில் பழைய ஜீப் விற்க நினைப்பவர்கள் மத்தியானம் ஒரு மணிக்கு விற்றுவிடுங்கள், அவர் சாப்பிட்டு முடிப்பதற்குள். வாங்க வருபவர்கள் நாலு மணிக்கு வாருங்கள். ஜக் மட்டும் கொண்டுவந்தால் போதும்.