பாபர் வீட்டுச் சீட்டுக் கச்சேரி

பாபர் என்றதும் பள்ளிக்கூடத்தில் பானிபட் என்றார்கள், பீரங்கி என்றார்கள், 1526-க்குக் கீழே சிவப்பு மையால் கோடு போடச் சொன்னார்கள். அதற்கு அடுத்த வருஷம் அந்த மனிதர் ஒரு சீட்டுக் கட்டைப் பார்சல் கட்டி அனுப்பினார் என்பதை மட்டும் எந்த வாத்தியாரும் சொல்லவில்லை. கான்வாப் போரில் ராஜபுத்திர அரசர் ராணா சங்காவைத் தோற்கடித்துச் சில மாதம்தான் ஆகியிருந்தது. எதிரிகள் நாலு பக்கமும் இருந்தார்கள், வெயில் மண்டையைப் பிளந்தது. அந்த நேரத்தில் சிந்து தேசத்து ஷா ஹசனுக்கு கஞ்சிஃபாச் சீட்டு அனுப்பி வைத்ததாகவும், அந்த ஆளுக்கு அதில் பைத்தியம் என்பதால் கேட்டு வாங்கிக்கொண்டார் என்றும் பாபரே தன் நினைவுக் குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார்.

இந்த ஷா ஹசனின் அப்பாவிடமிருந்துதான் பாபர் 1522-இல் கந்தகாரைப் பிடுங்கிக்கொண்டார். அப்பன் ஊரை எடுத்துக்கொண்டு பிள்ளைக்குச் சீட்டுக் கட்டு! வாங்கிக்கொண்டவரும் ரோஷப்பட்டதாகத் தெரியவில்லை. ரோஷம் பார்த்தால் சீட்டு ஆட முடியாது என்பது அன்றைக்கே தெரிந்திருக்கிறது.

கஞ்சிஃபா நம் ஐம்பத்திரண்டு மாதிரி அடக்க ஒடுக்கமான கட்டு இல்லை. எட்டு ஜாதி. ஜாதிக்கு ஒரு ராஜா, ஒரு மந்திரி, ஒன்றிலிருந்து பத்து வரை பத்துச் சீட்டு. மொத்தம் 96. ராணி கிடையாது. ஜோக்கரும் கிடையாது, எட்டு ராஜா இருக்கிற இடத்தில் தனியாக ஜோக்கர் எதற்கு என்று விட்டிருப்பார்கள். ராஜா, மந்திரி போக, பாதி ஜாதியில் பத்துதான் பெரிது, மீதிப் பாதியில் ஒன்று பெரிது. பகலில் ஆடினால் தங்கக் காசு ராஜா வைத்திருப்பவர் முதலில் இறங்க வேண்டும். இரவில் ஆடினால் வெள்ளிக் காசு ராஜா. விளக்கு வைக்கும் நேரத்தில் உட்கார்ந்தால், இது பகலா இரவா என்றே ஒரு குடும்பம் அரை மணி நேரம் சண்டை போடலாம். துருப்பு என்று எதுவும் இல்லாததால் எந்தச் சீட்டு விழுந்தது, எது பாக்கி என்று கடைசி வரை ஞாபகம் வைக்க வேண்டும். இந்தியாவில் இதை வட்டமாக, தட்டை சைஸில் செய்தார்கள். அரண்மனைக்குத் தந்தத்திலும் ஆமை ஓட்டிலும், மற்றவர்களுக்குத் துணியை ஒட்டி அரக்குப் பூசியும். வட்டச் சீட்டைக் கையில் விசிறி மாதிரி பிடித்துப் பாருங்கள், பக்கத்தில் இருப்பவர் எட்டிப் பார்க்கவே வேண்டாம், அதுவாகவே மடியில் விழுந்துவிடும்.

1530-இல் பாபர் போய்ச் சேர்ந்தார். மூத்த பிள்ளை ஹுமாயூன் பட்டத்துக்கு வந்தார். நல்ல மனிதர், படித்தவர், ஜாதகப் பித்து. கிழமைக்கு ஏற்ற கிரகம், கிரகத்துக்கு ஏற்ற நிறம், அந்த நிறத்தில் உடுப்பு. இது போதாதென்று பிரம்மாண்டமான ஒரு கம்பளம் நெய்யச் சொன்னார். வட்டத்துக்குள் வட்டமாகக் கிரகங்கள். தான் சூரியனில் உட்கார்ந்துகொண்டு, மார்க்க அறிஞர்களை வியாழனில் உட்கார வைத்தார். இந்திய வம்சத்து அதிகாரிகளுக்கு ஒதுக்கியது சனி. எத்தனை வருஷத்துக்கு என்று கேட்கும் தைரியம் யாருக்கு இருந்திருக்கும்? உட்கார்ந்ததும் தாயக்கட்டையை உருட்ட வேண்டும். அதன் பக்கங்களில் மனித உருவங்கள். நிற்கிற உருவம் விழுந்தால் நிற்க வேண்டும், உட்கார்ந்த உருவம் என்றால் உட்கார வேண்டும், படுத்த உருவம் என்றால் அந்த இடத்திலேயே படுத்துவிட வேண்டும். சபையில் பாதிப் பேர் படுத்துக் கிடக்கிறார்கள், வெளியே ராஜ்ஜியம் நடக்கிறது. விளையாட்டுக்கு மனிதர்கள் வேண்டும் என்பதைத் தவிர வேறு எந்தக் கவலையும் இல்லாத பேரரசர் இவர் ஒருவர்தான்.

ஹுமாயூனின் எதிரி ஷேர்ஷாவுக்கு இந்த ஆட்டமெல்லாம் பழக்கமில்லை. 1539-இல் சௌசாவில் அடித்தார், 1540-இல் கன்னோசியில் அடித்தார். சௌசாவில் கங்கையில் முழுகவிருந்த ஹுமாயூனை ஒரு தண்ணீர்த் தோல்பைக்காரர் காப்பாற்ற, நன்றிக்கடனாக அந்த ஆளைச் சிம்மாசனத்தில் உட்கார வைத்து அழகு பார்த்தார். தம்பி காம்ரானுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சிம்மாசனத்தில் யாராவது உட்காரத்தான் வேண்டும் என்றால் நான் இல்லையா என்பதுதான் அவருடைய நிரந்தரக் கேள்வி.

ஓட்டம் தொடங்கியது. ஓடிப் போய் நின்ற இடம் சிந்து. அங்கே ஆண்டுகொண்டிருந்தவர் யார் என்று நினைக்கிறீர்கள்? அதே ஷா ஹசன். அப்பா சீட்டுக் கட்டு அனுப்பிய நன்றி கொஞ்சமாவது இருக்கும் என்று பிள்ளை நம்பியிருக்கலாம். ஷா ஹசனோ நல்ல சீட்டாட்டக்காரர், கையில் இருப்பதை முகத்தில் காட்டவே இல்லை. இதோ வருகிறேன் என்பது போல இருந்தார், வரவில்லை. தானியம் வரும் வழியை அடைத்தார், கூட இருந்தவர்களைத் தன் பக்கம் இழுத்தார். இரண்டு வருஷத்துக்கு மேல் இழுத்தடித்து, கடைசியில் படகும் ஒட்டகமும் கொடுத்து, தயவுசெய்து போய் வாருங்கள் என்று கும்பிட்டு அனுப்பினார். அதோடு விட்டாரா? பின்னால் தன் மகளை ஹுமாயூனின் ஜென்ம விரோதியான தம்பி காம்ரானுக்கே கட்டிக் கொடுத்தார். பாபர் அனுப்பிய கட்டு வீண் போகவில்லை.

இந்த அலைச்சலின் நடுவில் 1542-இல் உமர்கோட்டில் அக்பர் பிறந்தார். கைக்குழந்தையைச் சித்தப்பன்மார் கையில் விட்டுவிட்டு அப்பா அம்மா பாரசீகத்துக்குத் தப்பினார்கள். அங்கிருந்து பாரசீக ஷாவின் படையோடு திரும்பி, 1545-இல் கந்தகாரையும் அப்புறம் காபூலையும் பிடித்தார் ஹுமாயூன். காம்ரான் ஓடினார். பிரிந்து கிடந்த குடும்பம் மறுபடி ஒன்றுசேர்ந்தது.

சேர்ந்ததும் செய்த காரியம்தான் நமக்கு முக்கியம். இரவு உட்கார்ந்தால் விடியும் வரை கூத்து, பாட்டு, ஆட்டம். அதில் ஒன்று சீட்டு. ஹுமாயூனின் தங்கை குல்பதன் பேகம் கணக்குச் சுத்தமாக எழுதி வைத்திருக்கிறார்: பன்னிரண்டு பேர், ஆளுக்கு இருபது சீட்டு, ஆளுக்கு இருபது ஷாருக்கி வெள்ளிக் காசு. தோற்றால் அந்த இருபதும் போச்சு, எல்லாம் ஜெயித்தவருக்கு. ஆடுகிற வீடே அரசர் வீடு என்பதால் போலீஸ் பயம் இல்லை.

பன்னிரண்டு இருபது 240. கட்டிலோ 96 சீட்டுதான். பழைய பெரிய கட்டு ஒன்று இருந்தது, பன்னிரண்டு ஜாதி, 144 சீட்டு. 144-ஐயும் 96-ஐயும் கூட்டிப் பாருங்கள். சரியாக 240! சரித்திரப் பேராசிரியர்கள் என்னை அடிக்க வரலாம்; ஆனால் ஆள் அதிகமாகிவிட்டால் இரண்டு கட்டைச் சேர்த்துக் குலுக்கிப் போடுவது எந்த வீட்டுக்கும் தெரிந்த வேலை. பதினோரு பேர் ஆடத் தயாராக இருக்கும்போது பன்னிரண்டாவதாக ஒரு அண்ணி வந்து, நானும்தான் என்று உட்கார்ந்துவிட்டால் வேறு என்ன செய்ய முடியும்?

அந்தச் சந்தோஷம் நிலைக்கவில்லை. காம்ரான் திரும்பி வந்து காபூலைப் பிடித்தார். ஹுமாயூன் முற்றுகையிட்டபோது, பீரங்கிக் குண்டு விழும் கோட்டைச் சுவர்மேல் குழந்தை அக்பரைக் காம்ரான் உட்கார வைத்தார். கையில் ஒரே ஒரு நல்ல சீட்டு இருப்பவன் ஆடுகிற ஆட்டம் அது. 1551-இல் இன்னொரு தம்பி ஹிந்தால், காம்ரான் பக்கத்து ஆட்கள் நடத்திய இரவுத் தாக்குதலில் செத்தார். 1553-இல் காம்ரானின் கண்ணைக் குருடாக்கி மெக்காவுக்கு அனுப்பினார்கள். சீட்டுப் பைத்தியம் ஷா ஹசனின் மகள், குருடான புருஷனோடு தானும் கிளம்பிப் போனாள். இந்தக் கதையில் ஒருவரையும் ஏமாற்றாதவள் அவள்தான்.

அக்பர் பெரியவரானதும் சீட்டிலும் கை வைத்தார். அக்பர் அவையின் எழுத்தாளர் அபுல் ஃபசல் அயினி அக்பரி என்ற நூலில் விவரமாக இதை எழுதியிருக்கிறார். பழைய பன்னிரண்டு ஜாதிக் கட்டில் குதிரைப் படை ராஜா, யானைப் படை ராஜா, பாம்பு ராஜா, அசுர ராஜா என்று ரகளையாக இருந்தார்கள். அக்பர் அதில் சில ஜாதிகளைத் திருத்தினார். எப்படி? ஒரு ஜாதியில் ராஜா பொன் வழங்குகிறார், மந்திரி கஜானாவைச் சரிபார்க்கிறார், கீழே இருக்கும் சீட்டுகளில் நாணயம் அடிப்பவர், எடை போடுபவர். இன்னொரு ஜாதியில் ராஜா ஃபர்மான் என்ற அரசாணைகளைப் பார்வையிடுகிறார், மந்திரி முன்னால் ரிஜிஸ்டர். அதற்குக் கீழே காகிதம் செய்பவர், கோடு போடுபவர், எழுதுபவர், பைண்டிங் போடுபவர். பாம்புக்கும் அசுரனுக்கும் பக்கத்தில் ஒரு முழுத் தாலுகா ஆபீஸ்! வாசிக்கத் தெரியாத பேரரசர் என்று சொல்லப்படுபவருக்கு ஆபீஸ்மேல் இவ்வளவு ஆசை. ஓய்வு நேரத்தில் விளையாட உட்கார்ந்தவர்கள் பைண்டரை இறக்கிக் குமாஸ்தாவை வெட்டிக்கொண்டிருந்தார்கள்.

இதே அக்பர்தான் 1587 வாக்கில் அத்தை குல்பதனைக் கூப்பிட்டு, அப்பா தாத்தா பற்றி ஞாபகம் இருப்பதை எழுதிக் கொடுங்கள் என்றார். காபூல் சீட்டுக் கச்சேரி நடந்து நாற்பது வருஷம் ஆகியிருந்தது. அத்தைக்கு அறுபது தாண்டியாயிற்று. எந்தப் போர் எந்த வருஷம் என்பதில் கொஞ்சம் முன்பின்னாக இருந்தாலும் யார் வீட்டு விருந்தில் என்ன நடந்தது என்பதில் அத்தை தடுமாறுவதே இல்லை. சீட்டு விஷயத்தில் எத்தனை பேர், எத்தனை சீட்டு, என்ன பந்தயம் என்பதோடு நிற்காமல், அந்த இருபது காசின் எடை ஐந்து மிஸ்கால் வரும் என்றுகூடச் சொல்கிறார். ஆனால் ஜெயித்தது யார் என்று மட்டும் சொல்லவில்லை.

அண்ணன் ஹுமாயூன் ஜெயித்திருந்தால் அரண்மனை எழுத்தர்கள் சும்மா விட்டிருப்பார்களா? கிரக நிலையோடு சேர்த்து மூன்று பக்கம் எழுதியிருப்பார்கள். அண்ணிமார் யாராவது ஜெயித்திருந்தால் அத்தையே நாலு வார்த்தை குத்தலாகச் சொல்லியிருப்பார். நாற்பது வருஷம் கழித்தும் காசின் எடை வரை ஞாபகம் இருக்கிறது என்றால், அந்தக் காசைக் கையில் வாங்கிப் பார்த்தவராகத்தான் இருக்க வேண்டும். அல்லது, பதினோரு பேரில் யாரோ ஒருவர் இன்னும் பாக்கி வைத்திருக்க வேண்டும்.