பேர் யாருக்கு?

சினிமாவுக்குக் கதை எழுதினால் பேர் கிடைக்குமா?

கிடைக்கும். யாருடைய பேர் என்பதில்தான் சிக்கல்! ஹாலிவுட்டில் டால்டன் ட்ரம்போ என்ற திரைக்கதை எழுத்தாளரைக் கம்யூனிஸ்ட் என்று கறுப்புப் பட்டியலில் வைத்தார்கள். ‘ரோமன் ஹாலிடே’ கதையை நண்பர் பேரில் கொடுத்தார், ஆஸ்கர் நண்பருக்கு. ‘தி பிரேவ் ஒன்’ கதையை ‘ராபர்ட் ரிச்’ என்ற புனைபெயரில் எழுதினார். 1957-இல் ஆஸ்கர் மேடையில் அந்தப் பேரைக் கூப்பிட்டார்கள். ஆள் வரவில்லை. (இல்லாத எழுத்தாளர் எப்படி வருவார்?) அந்தச் சிலை ட்ரம்போ கைக்கு வந்தது 1975-இல், மறு வருடம் காலமானார். ‘ரோமன் ஹாலிடே’ ஆஸ்கரை 1993-இல் அவர் மனைவிதான் வாங்கிக்கொண்டார்.

சரி, சீரியலுக்கு எழுதினால்?

மாமியார் சாவதா பிழைப்பதா என்பதை டி.ஆர்.பி. முடிவு செய்யும், நீங்கள் வசனம் மட்டும் எழுதலாம். எதற்கும் அட்வான்ஸ் செக் பணமான பிறகு பேனாவைத் திறங்கள்.