போடர் அண்ணை

"சுகர் எப்பிடியண்ணை?" என்று வாய்தவறியும் கேட்டுவிடாதீர்கள். "சீனி வருத்தமோ, எனக்கோ? போடரிலைதான் தம்பி நிக்குது" என்று காணி உறுதி கைக்கு வந்தவர் போல நெஞ்சை நிமிர்த்துவார். உருத்திரபுரத்தில் எட்டாம் வாய்க்கால், பத்தாம் வாய்க்கால் எங்கே போனாலும் ஒரு போடர் அண்ணை இருப்பார். அவர்களில் ஒருவர் எனக்கு நெருங்கிய சொந்தம் என்பது இங்கே தேவையில்லாத கதை.

போடர் அண்ணையின் பெருங்கலை, இரத்தச் சோதனைக்கு ஆயத்தப்படுத்துவது. கிளினிக் திகதிக்கு மூன்று நாள் இருக்கும்போதே வீடு மாறிவிடும். தேத்தண்ணிக்குச் சீனி இல்லை. இரவில் குரக்கன் புட்டு, அதுவும் ஒரு கை. பின்னேரம் மோட்டச்சைக்கிளை நிறுத்திவிட்டு வாய்க்கால் கட்டால் நடை. எதிர்ப்படுகிற எல்லாருக்கும் "நடக்கிறன்" என்று அறிவித்தல். கந்தசட்டிக்கு ஒரு நேரம் பசி பொறுக்காத மனுசன், இதற்கென்றால் தண்ணீரைக்கூட யோசித்துத்தான் குடிப்பார். சோதனையன்று விடியவே கரடிப்போக்குச் சந்தியால் கிளிநொச்சிக்குப் போய், வெறுவயிற்றில் இரத்தம் கொடுத்துவிட்டுக் காத்திருப்பார். துண்டில் 118.

"126 எண்டால்தான் வருத்தம். இன்னும் எட்டு இருக்கு!"

100க்கு மேலே ஏறிய 18 அவர் கணக்கில் வராது. மிச்சமிருக்கும் அந்த எட்டை ஆஸ்பத்திரி வாசலிலேயே செலவழிக்கத் தொடங்குவார். இரண்டு ரோல்ஸ், ஒரு பால்தேத்தண்ணி. "சீனி கொஞ்சம் தூக்கலாய்ப் போடு தம்பி, மூண்டு நாளாய் நாக்குச் செத்துப்போச்சு."

ஒருமுறை, 75 கிராம் குளுக்கோஸைக் குடிக்க வைத்து இரண்டு மணித்தியாலம் கழித்து இரத்தம் பார்க்கும் சோதனைக்கு அனுப்பினார்கள். ரசித்துக் குடித்துவிட்டு வந்து சொன்னார்: "கூடாத சாமானெண்டால் ஆஸ்பத்திரியிலை கரைச்சுத் தருவாங்களே?" 200ஐத் தொட்டால் நீரிழிவு. இவருக்கு 190. "பத்து இருக்கு!"

பனங்கட்டி சீனியில் சேராது, மொட்டைக்கறுப்பன் சோறு எவ்வளவு சாப்பிட்டாலும் ஏறாது என்பவையெல்லாம் சில்லறைக் கொள்கைகள். 2016 முதல் சோடாப் போத்தல்களில் சீனியின் அளவுக்கேற்ப சிவப்பு, செம்மஞ்சள், பச்சை என்று நிறம் போடுகிறார்களே, அதில் இவர் தேடி எடுப்பது செம்மஞ்சள். "இதுகும் போடர்தானே."

சென்னையில் டொக்டர் ராமச்சந்திரன் குழுவினர் இப்படிப் போடரில் நின்ற 531 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2006இல் வெளிவந்தது. சும்மா விடப்பட்டவர்களில் நூற்றுக்கு 55 பேருக்கு மூன்று வருடத்துக்குள் நீரிழிவு வந்துவிட்டது. நடையும் சாப்பாடும் திருத்தியவர்களில் அது 39 பேராகக் குறைந்தது. இதை ஒருநாள் மினக்கெட்டுச் சொன்னேன். கவனமாகத்தான் கேட்டார். "அப்ப ஒண்டும் செய்யாமலே 45 பேர் தப்பியிருக்கிறாங்கள்" என்றார்.

அதற்குமேல் கதைத்தால் கடைசி ஆயுதம் வரும்: "முள்ளிவாய்க்கால் மட்டும் போய்த் தப்பி வந்தனான். சீனிக்கே சாகப்போறன்?"

எனக்கு ஆத்திரம் வருவது இந்த இடத்தில்தான். ஷெல்லுக்கும் மிதிவெடிக்கும் கால் கொடுத்தவர்கள் ஒழுங்கைக்கு ஒழுங்கை இருக்கிற மாவட்டம் இது. அவ்வளவுக்கும் தப்பிய இரண்டு கால்களையும், ஆறாத புண் வந்து கழற்றக் கொடுப்பதற்கா அத்தான் கொண்டுவந்து சேர்த்தார்? அக்கா பாவம், குரக்கன் மா வறுத்துப் புட்டவித்து வைக்கிறா. கிளினிக் முடிந்த அன்றைக்கே அவர் அதைத் தொடமாட்டார். வீணாக்கக் கூடாதென்று அவவே சாப்பிடுகிறா. அக்காவுக்கு வெறுவயிற்றில் 92.

போன முறை டொக்டருக்கும் சந்தேகம் வந்திருக்க வேண்டும். எச்.பி.ஏ.வன்.சி என்று எழுதிக் கொடுத்துவிட்டார். இந்தச் சோதனைக்கு மூன்று நாள் பத்தியம் செல்லாது, கடந்த இரண்டு மூன்று மாதச் சீனிக் கணக்கு முழுவதையும் காட்டிக்கொடுத்துவிடும் என்று விளங்கப்படுத்தினேன். கனநேரம் முகட்டைப் பார்த்தபடி இருந்தார்.

"மூண்டு மாதமோ? அதுக்குள்ளை கோயில் திருவிழா, ரெண்டு கலியாணவீடு, ஒரு சாமத்தியவீடு... தம்பி, அந்தத் துண்டு மழையிலை நனைஞ்சு போச்செண்டு சொல்லுவமே?"